படகைக் கரையில் நிறுத்துவது எப்படி?

இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் படகு. படகு ஓட்டுவதைப் பற்றியோ மீன் பிடிப்பதைப் பற்றியோ அல்ல. ஓடாத படகைப் பற்றி, அதாவது தண்ணீரை விட்டு வெளியே வந்து தரையில் நிற்கும் படகைப் பற்றிப் பேசப் போகிறோம்.

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரையில் கடலின் முகமே மாறிவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று மார்ச் வரை ஓய்வதில்லை. கிளந்தானிலிருந்து ஜொகூர் வரைக்கும் சிறு படகுகள் ஆற்றுக்குள் ஒதுங்கும், இல்லையேல் கரையேறும். மேற்குக் கரையிலும் சிங்கப்பூரிலும் பருவக்காற்று அவ்வளவு உக்கிரமாக வீசுவதில்லை. ஆயினும் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டவும், சாயம் பூசவும், இயந்திரத்தின் விசிறியைச் சரிபார்க்கவும் படகு ஆண்டுக்கு ஒரு முறையாவது கரைக்கு வந்துதான் ஆக வேண்டும். மீன்பிடித் தொழிலில் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் வார இறுதியில் தூண்டில் போடுவதற்கென்று கண்ணாடியிழைப் படகு ஒன்றை வாங்கி வீட்டோரத்தில் வைத்திருப்பவர்கள் நம்மவரிலும் உண்டு. நாம் இன்று சொல்லப் போவது இரு சாராருக்கும் பொருந்தும்.

இதில் ஒரு முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கரையேறிய படகின் அடியைச் சுரண்டுகிறவர் அதன் கீழே படுத்துக்கொண்டோ குந்திக்கொண்டோதான் சுரண்டுகிறார். அவருடைய நெஞ்சுக்கு ஓரடி உயரத்தில் பல டன் எடை நிற்கிறது. அந்த எடையை நிறுத்தி வைத்திருப்பவை நாலைந்து கட்டைகளும் சில முட்டுகளுமே. முட்டு சரிந்தால் படகு ஒரு பக்கமாகச் சாய்வதற்கு ஒரு விநாடி போதும். கீழே இருப்பவர் உருண்டு வெளியே வர அந்த ஒரு விநாடி போதாது. ஆகவே முட்டுக் கொடுப்பது என்பது படகின் நலத்துக்கு மட்டும் உரிய காரியம் அன்று.

சரி, படகுக்கு முட்டு ஏன் தேவைப்படுகிறது? தண்ணீரில் மிதக்கும்போது நாம் அதற்கு எந்த முட்டும் கொடுப்பதில்லையே! தண்ணீரே அதற்கு முட்டாக இருக்கிறது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது என்னும் ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். அதில் நாம் அதிகம் எண்ணிப் பாராத ஒரு பக்கம் உண்டு. தண்ணீர் படகை ஓரிடத்தில் தாங்குவதில்லை. நனைந்த பரப்பு முழுவதிலும் ஓர் அங்குலமும் விடாமல் தாங்குகிறது. 6 டன் எடையுள்ள மரப்படகு ஒன்று, தண்ணீரின் மேல் 18 சதுர மீட்டர் இடத்தை அடைத்துக்கொண்டு மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 330 கிலோ வருகிறது. அதையே ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டால் 33 கிராம். உள்ளங்கையில் ஒரு மிட்டாயை வைத்தால் உண்டாகும் பாரம் போன்றது அது.

இப்போது அதே படகைக் கரையேற்றி நான்கு கட்டைகளின் மேல் வைக்கிறோம். ஒவ்வொரு கட்டையும் படகைத் தொடும் இடம் 20 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்றால், நான்கும் சேர்ந்து 800 சதுர சென்டிமீட்டர்தான். 6000 கிலோவை 800-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழரைக் கிலோ. 33 கிராம் இருந்த இடத்தில் ஏழரைக் கிலோ! இரு நூறு மடங்குக்கும் மேல். பஞ்சு மெத்தையில் படுத்திருந்தவரைத் தூக்கி நான்கு செங்கற்களின் மேல் கிடத்தினால் அவர் உடம்பு என்ன பாடுபடுமோ அந்தப் பாட்டைத்தான் படகும் படுகிறது. செங்கல் முதுகெலும்பின் கீழ் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். விலாவின் கீழ் வந்தால் விலா நொறுங்கும்.

இந்த உவமையை நாம் வெறும் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. மரப்படகுக்கு உண்மையிலேயே முதுகெலும்பும் விலாவும் உண்டு. அடியில் முன்னிருந்து பின்வரை நீளமாக ஓடும் கனத்த மரத்துக்கு ஏராக்கட்டை என்று பெயர். அதிலிருந்து இரு பக்கமும் வளைந்து மேலே ஏறும் மரங்கள் வங்குகள். அவற்றின் மேல் போர்த்திய தோல்தான் பலகை. இந்த மூன்றில் படகின் முழு எடையையும் ஏற்கக்கூடியது ஏராக்கட்டை ஒன்றுதான். எடை முழுவதும் ஏராக்கட்டையில் உட்கார வேண்டும். பக்கத்து முட்டுகள் படகு சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். இவ்விரு வேலைகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான கேடுகள் விளைகின்றன. அடிக்கட்டை சரியாக உட்காராமல் இருக்கும். பக்கத்து முட்டை இறுக்கி இறுக்கிப் படகை நிமிர்த்தப் பார்ப்பார்கள். எடை முட்டுக்குப் போய்விடும். முட்டு பலகையை உள்ளே தள்ளிவிடும், அல்லது தானே வழுக்கி வெளியே வந்துவிடும்.

பெரிய கப்பல்களுக்கும் இதே விதிதான். சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் 1938-இல் ஓர் உலர்துறை திறக்கப்பட்டது. அந்தத் தளத்தில் உழைத்த இந்தியத் தொழிலாளர்களில் தமிழர்களும் மலையாளிகளும் பலர். 1968-இல் அது வாணிபக் கப்பல் பட்டறையாக மாறியது. உலர்துறையில் கப்பல் நுழைவதற்கு முன்பே, அதன் வரைபடத்தைப் பார்த்து, துறையின் தரையில் நடுவரிசையாகக் கனத்த கட்டைகளை அடுக்கி விடுவார்கள். பிறகு கப்பலை உள்ளே மிதக்கவிட்டு, கதவை அடைத்துத் தண்ணீரை இறைப்பார்கள். தண்ணீர் வடிய வடியக் கப்பல் மெல்ல இறங்கி அந்தக் கட்டைகளின் மேல் தன் முதுகெலும்பை வைக்கும். கட்டையின் உச்சியில் மட்டும் சற்று மென்மையான மரம் வைப்பது வழக்கம். எங்கேனும் ஒரு கட்டை அரை அங்குலம் உயர்ந்திருந்தால், நசுங்குவது அந்த மென்மரமாக இருக்கட்டும், கப்பலாக இருக்க வேண்டாம் என்பதே காரணம். ஆயிரக்கணக்கான டன் கப்பலுக்குச் செய்கிற இந்த உபாயத்தை நம் சின்னப் படகுக்கும் செய்யலாம். செலவு ஒன்றும் அதிகமில்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது கட்டையை அல்ல, தரையை. சிமெண்டுத் தரை இருந்தால் உத்தமம். ஆனால் நம் நாட்டில் பெரும்பாலும் கிடைப்பது கடலோர மணலும் ஆற்றோரக் களிமண்ணும்தான். முன்பு சொன்ன 6 டன் படகையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டை ஒவ்வொன்றும் தரையில் 30 சென்டிமீட்டர் சதுரமாக உட்கார்ந்தால், நான்கும் சேர்ந்து 3600 சதுர சென்டிமீட்டர். தரையின் மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் அழுத்தம். மழையில் ஊறிய களிமண் அரைக் கிலோவைத் தாங்கினாலே பெரிது. ஆகவே கட்டை புதையும். நான்கும் ஒரே சீராகப் புதைந்தாலும் பரவாயில்லை. அப்படி ஒருபோதும் நடப்பதில்லை. இதற்குப் பரிகாரம் எளிது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே 60 சென்டிமீட்டர் சதுரத்தில் தடித்த பலகைத் தளம் போடுங்கள். பரப்பு நான்கு மடங்காகிறது. அழுத்தம் நாலில் ஒன்றாக, ஏறக்குறைய 400 கிராமாகக் குறைகிறது. தளப்பலகை வளையாத கனத்தில் இருக்க வேண்டும். மெல்லிய பிளைவுட் பலகையைப் போட்டால் கட்டைக்கு நேர் கீழே மட்டும் அமிழ்ந்து, ஓரங்கள் மேலே தூக்கிக்கொள்ளும். பலகை போட்டும் போடாதது போலத்தான்.

மணல் பாரம் தாங்கும் விஷயத்தில் களிமண்ணைவிட நல்லது. அதன் குறை வேறு. ஓடும் தண்ணீர் அதை அரித்துக்கொண்டு போய்விடும். படகின் மேல் விழுகிற மழை எங்கே வடிகிறதோ, அங்கேதான் பெரும்பாலும் பக்கத்து முட்டின் கால் இருக்கும். ஒரே இரவு மழையில் காலடி மணல் கரைந்து முட்டு அந்தரத்தில் தொங்குவதைக் கிழக்குக் கரையில் பார்க்கலாம். படகைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே விடுவது ஒரு மணி நேர வேலை.

அடுத்தது மரம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. வெட்டிப்போட்ட ரப்பர் மரம் சில வாரங்களிலேயே பூஞ்சை பிடித்து, வண்டு துளைத்து, மாவாய்க் கொட்டத் தொடங்கும். மருந்தேற்றிய ரப்பர் மரம் நாற்காலி மேசைக்கு நன்றாகவே உதவுகிறது. பச்சையாக வெட்டிய ரப்பர்க் கட்டையை ஈர மண்ணில் படகுக்கு அடியில் வைப்பது மட்டும் கூடாது. செங்கால் மரம் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. கறையானும் எளிதில் அண்டாது. ஆனால் விலை அதிகம். பழைய ரயில் பாதையிலிருந்து கழற்றிய சிலிப்பர் கட்டைகள் கிடைக்குமானால் அவையே இந்த வேலைக்குப் பொருத்தமானவை. பல டன் வண்டியை ஆண்டுக்கணக்கில் சுமந்த கட்டைக்குப் படகு ஒரு பாரமா? கருப்பெண்ணெய் ஊறிய சிலிப்பராக இருந்தால் கையுறை போட்டுத் தூக்குங்கள். அந்த எண்ணெய் தோலை எரிக்கும்.

பயன்படுத்தக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். துளையுள்ள சிமெண்டுக் கல் வேண்டாம். மரம் நசுங்குவதற்கு முன் முனகும், பிளவு காட்டும். சிமெண்டுக் கல் எந்த முன்னறிவிப்பும் தராமல் உடைந்து கொட்டும். காலி எண்ணெய்ப் பீப்பாயும் வேண்டாம். அது நிமிர்ந்து நிற்கும்வரை பலசாலிதான். உப்புக்காற்றில் அடிவிளிம்பு துருப்பிடித்தபின் ஒரு பக்கம் மடங்கும். பழைய டயர்கள் சிறு தோணிக்கு ஒத்துவரும். பெரிய படகுக்கு அவை மிகவும் தொய்வு. தோணிக்கு வைப்பதானாலும் டயரின் கீழ்ப்பக்கம் நாலைந்து துளை போட்டுவிடுங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

கட்டையை அடுக்கும் முறைக்கு வருவோம். தளப்பலகையின் மேல் இரண்டு கட்டைகளை இணையாக வையுங்கள். அவற்றின் மேல் குறுக்காக இரண்டு. அதன் மேல் மறுபடி நெடுக்காக இரண்டு. விறகு அடுக்குவது போல இப்படி மாறி மாறி ஏற வேண்டும். அடுக்கின் உயரம் அதன் அடி அகலத்தின் இரு மடங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. உயரம் வேண்டுமானால் அடியை அகலமாக்குங்கள். ஒவ்வோர் அடுக்கையும் ஆணியால் அல்லது இரும்புக் கொக்கியால் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். உச்சியில், ஏராக்கட்டை உட்காரும் இடத்தில், ஓரங்குல மென்மரப் பலகை.

எத்தனை அடுக்கு, எவ்வளவு இடைவெளி? சிறு படகானாலும் மூன்றுக்குக் குறையக் கூடாது. ஐந்தடி ஆறடிக்கு ஒன்று என்று வைத்தால் நிம்மதி. இடைவெளியைவிட இடம் முக்கியம். உள்ளே இயந்திரம் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் கீழே ஒன்று வேண்டும். எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே ஒன்று. முன்பக்கமான அணியத்திலும் பின்பக்கமான அமரத்திலும் ஏராக்கட்டை முடிகிற இடத்துக்கு அருகே ஒவ்வொன்று. நடுவில் மட்டும் இரண்டு அடுக்கு வைத்து இரு முனைகளையும் தொங்கவிட்டால், நாளடைவில் முனைகள் கீழ்நோக்கி வளைந்துவிடும். முனைகளில் மட்டும் வைத்து நடுவை விட்டால் நடு தொய்யும். இரண்டு வளைவும் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியா. அறையின் கதவு திடீரென்று இறுகி மூட மறுத்தால், அல்லது நேற்றுவரை கையால் சுற்றிய விசிறித் தண்டு இன்று கனத்துச் சுற்றினால், கட்டையைப் போய்ப் பாருங்கள். கதவிலும் தண்டிலும் குற்றம் இல்லை.

எல்லா அடுக்குகளின் உச்சியும் ஏராக்கட்டையின் கோட்டுக்கு ஒத்துவர வேண்டும். இதற்கு இழுத்துக் கட்டிய ஒரு நூல் போதும். அரை அங்குலக் குறையைச் சரிசெய்ய ஆப்பு வைப்போம். ஆப்பு ஒன்றாக வைக்கக் கூடாது. இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செலுத்தினால்தான் மேல்பரப்பு சமமாக உயரும். ஒற்றை ஆப்பு ஓர் ஓரத்தில் மட்டும் குத்தி நிற்கும். சரியாக உட்கார்ந்ததும் இரண்டையும் சேர்த்து ஓர் ஆணி. காற்றில் படகு அதிரும்போது ஆப்பு தானாகப் பின்வாங்குவது உண்டு.

படகைத் தூக்குவது எப்படி என்பது தனி உரைக்குரிய விஷயம். பாரந்தூக்கி வண்டியோ சரிவுத் தளமோ உள்ள இடங்களில் அங்குள்ளவர்களே பார்த்துக்கொள்வார்கள். உருளைக் கட்டைகளின் மேல் பலர் கூடி இழுத்து ஏற்றிய படகை, ஜாக்கி வைத்துச் சிறிது சிறிதாக உயர்த்துவதானால் ஒரே ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள். ஜாக்கி இரண்டு அங்குலம் ஏறினால், அடியில் கட்டையும் இரண்டு அங்குலம் ஏற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடமும் படகை நிறுத்தக் கூடாது. அந்த ஒரு நிமிடத்தில் கையைக்கூட அடியில் நீட்டக் கூடாது. முன்பக்கத்தை ஒரு முறை, பின்பக்கத்தை ஒரு முறை என்று மாற்றி மாற்றி உயர்த்துங்கள். அவசரப்படுவோருக்கு உகந்த வேலை அல்ல இது.

ஏராக்கட்டை உட்கார்ந்துவிட்டது. இனிப் பக்கத்து முட்டு. இருபத்தாறு அடிக்குக் குறைந்த படகுக்குப் பக்கத்துக்கு இரண்டும் அணியத்துக்கு ஒன்றும், அதற்கு மேற்பட்டதற்குப் பக்கத்துக்கு மூன்று அல்லது அதற்கு அதிகமும் தேவை. முட்டின் தலை எங்கே படுகிறது என்பதே இங்கும் கேள்வி. வங்குக்கு மேல், அல்லது உள்ளே குறுக்குச் சுவர் இருக்கும் இடத்தில்தான் படவேண்டும். இரண்டு வங்குகளுக்கு நடுவே வெறும் பலகையில் பட்டால், பலகை வீணை மேளம் போல அதிர்ந்து கடைசியில் உள்வாங்கும். வெளியிலிருந்து வங்கு தெரியாதே என்று கேட்கலாம். உள்ளே அளந்து வெளியே சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குறியை, படகு தண்ணீருக்குப் போகுமுன் பக்கவாட்டின் மேல்விளிம்பில் சிறு சாயப் புள்ளியாக நிரந்தரமாக்கிவிட்டால் அடுத்த ஆண்டு வேலை மிச்சம்.

முட்டின் தலையில் ஓரடி சதுரத்துக்குக் குறையாத பலகை ஒன்றைப் பொருத்தி, அதன் மேல் பழைய கம்பளத் துண்டை ஒட்டுங்கள். முட்டு நிற்கும் கோணமும் முக்கியம். படகின் பக்கம் எந்தச் சரிவில் இருக்கிறதோ, அதற்குச் செங்குத்தாக முட்டு சாய்ந்து நிற்க வேண்டும். நேராக நிறுத்திய கம்பம் சரிவான பக்கத்தைப் பிடிக்காது, வழுக்கும். ஆனால் சாய்வாக நிறுத்தினால் வேறொரு தொல்லை வருகிறது. சுவரில் சாத்திய ஏணியின் கால் வெளியே வழுக்குவது போல, முட்டின் காலும் வெளியே போகப் பார்க்கும். இதற்காகத்தான் எதிரெதிர் முட்டுகளின் கால்களைப் படகுக்கு அடியில் குறுக்காக ஓடும் சங்கிலியால் பிணைக்க வேண்டும். திருகு வைத்த இரும்பு முக்காலிகளை வாங்கிப் பயன்படுத்துவோரும் இந்தச் சங்கிலியைப் போட்டே ஆக வேண்டும். கயிறு வேண்டாம், நனைந்தால் ஒரு நீளம், காய்ந்தால் ஒரு நீளம். சங்கிலிக்கு ஆகும் சில வெள்ளியை மிச்சம் பிடிப்பவர்களை நினைத்தால் நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

முட்டை எவ்வளவு இறுக்குவது? தலைப்பலகை படகைத் தொட்டு, கையால் அசைத்தால் அசையாத அளவுக்கு. அதற்கு மேல் ஒரு திருகு கூட வேண்டாம்.

சாயம் பூசும்போது நடக்கும் ஒரு தவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். முட்டின் தலைக்குக் கீழே உள்ள இடத்தில் சாயம் படாது. உடனே ஒரு முட்டைக் கழற்றி அந்த இடத்தைப் பூசிவிட்டு, காயும்வரை அப்படியே விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறார்கள். அது கூடாது. பக்கத்தில் புதிய முட்டு ஒன்றை முதலில் நிறுத்தி, அது பிடித்துக்கொண்டதை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் கழற்றவும் கூடாது. கீழே ஆள் இருக்கும்போது படகின் மேல் யாரும் ஏறி நடமாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தரையில் நிற்கும் படகைக் கண்டால் ஏறாமல் இருக்க முடியாது.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. பக்கவாட்டில் 12 சதுர மீட்டர் பரப்புள்ள படகின் மேல் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று மோதினால், ஏறத்தாழ 200 கிலோ அளவுக்குத் தள்ளும். மூன்று பேர் சேர்ந்து ஒரு பக்கமாக உந்துவதற்குச் சமம். அதனால் கிழக்குக் கரையில் படகின் அணியம் வடகிழக்கை நோக்கி இருக்கும்படி நிறுத்துவது நல்லது. காற்று அகலத்தில் மோதாமல் மூக்கில் பிளந்து போகும். மழைக்காக மேலே தார்ப்பாய் போர்த்துகிறோம். அந்தத் தார்ப்பாயின் கயிற்றை முட்டுகளில் கட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. கைக்கு எட்டும் இடத்தில் முட்டு இருப்பதால் கட்டிவிடுகிறார்கள். காற்றில் தார்ப்பாய் பாய்மரம் போல உப்பும்போது, கயிறு முட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும். படகைக் காக்கப் போட்ட போர்வையே படகைக் கவிழ்த்துவிடும். கயிற்றைப் படகின் அடிவழியாகச் சுற்றிக் கட்டுங்கள். இல்லையேல் தண்ணீர் நிரப்பிய குப்பிகளைத் தொங்கவிடுங்கள்.

மழை இன்னொரு வழியிலும் பகையாகிறது. 6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள திறந்த படகு ஒன்று. பருவமழைக் காலத்தில் ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்வது கிழக்குக் கரையில் அதிசயமல்ல. 12 சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் என்றால் 1200 லிட்டர். அதாவது 1200 கிலோ. அத்தகைய கண்ணாடியிழைப் படகின் சொந்த எடையே அவ்வளவுதான் இருக்கும். இரவு படுக்கப்போகும்போது ஒரு படகைத் தாங்கிக்கொண்டிருந்த கட்டைகள், காலையில் இரண்டு படகுகளைத் தாங்குகின்றன. இந்தத் தண்ணீர் சும்மாவும் கிடப்பதில்லை. படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி அந்தப் பக்கத்தையே இன்னும் அழுத்தும். ஆகவே கரையேறியவுடன் அமரத்தில் உள்ள வடிகால் அடைப்பைக் கழற்றிவிடுங்கள். அணியம் நாலு விரற்கடை உயர்ந்திருக்கும்படி அடுக்குகளை அமைத்தால் தண்ணீர் தானே பின்பக்கம் ஓடி வெளியேறும். சருகு அடைத்துக்கொள்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடுகிறது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு கரண்டித் தண்ணீரும் ஒரு வாரமும் இருந்தால் போதும். டயரில் துளை போடச் சொன்னது இதற்காகத்தான். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலேசியாவில், வீட்டு எல்லைக்குள் கொசுப்புழு கண்டால் தண்டம் விதிக்கலாம். சிங்கப்பூரிலும் இதில் தயவு காட்டுவதில்லை. படகும் வீட்டுப் பூச்சாடியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்.

கண்ணாடியிழைப் படகுகளில் பலவற்றுக்குத் தனி ஏராக்கட்டை கிடையாது. அடிப்பாகம் ஆங்கில வி எழுத்துப்போல் மடிந்திருக்கும். அதன் உள்ளே நீளவாட்டில் விறைப்புக் கட்டைகள் ஓடும். கம்பளம் சுற்றிய இரண்டு நீளப் பலகைகளை அந்த விறைப்புக் கட்டைகளின் கோட்டில் வைத்து, நடுமடிப்புக்கும் தனியே கட்டை கொடுக்க வேண்டும். நூறு குதிரைச் சக்தி வெளியியந்திரம் ஒன்று ஏறத்தாழ 160 கிலோ எடை இருக்கும்; அது தொங்குவது பின்சுவரில். பின்சுவருக்கு நேர் கீழே கட்டை இல்லாவிட்டால் அடிப்பாகம் வளைந்துபோகும். அந்த வளைவு பிறகு ஓட்டத்தில் தெரியும்; படகு வேகமெடுக்காமல் மூக்கைத் தாழ்த்திக்கொண்டே போகும். முடிந்தால் இயந்திரத்தைக் கழற்றித் தனியே வையுங்கள்.

மரப்படகின் கதை வேறு. கோல திரெங்கானுவுக்கு எதிரே டூயோங் தீவில் மலாய்க் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகப் படகு கட்டி வருகிறார்கள். காகிதத்தில் வரைபடம் இல்லாமல் கண்மதிப்பிலேயே, முதலில் செங்கால் பலகைகளை மர முளைகளால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துத் தோலை உருவாக்குவார்கள். அதன் பிறகே உள்ளே வங்குகளைப் பொருத்துவார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே கெலாம் மரத்தின் பட்டையை வைப்பார்கள். தண்ணீர் பட்டால் பட்டையும் பலகையும் ஊறிப் பருத்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட படகு வெயிலில் மாதக்கணக்கில் நின்றால் பலகை சுருங்கி இடுக்கு திறக்கும். எனவே மரப்படகுக்கு நிழல் வேண்டும். அத்தாப்புக் கொட்டகையே போதும். நாலு பக்கமும் இறுக மூடிவிடாமல் காற்றோட்டம் விடுங்கள். மூடினால் உள்ளே இற்றுப்போகும். கரையில் சில வாரம் உலர்வதில் ஒரு நன்மையும் இருக்கிறது. மரத்தைத் துளைத்துக் குடைகிற கடற்புழு உலர்ந்த மரத்தில் பிழைப்பதில்லை. சோழமண்டலக் கரையில் கட்டுமரக்காரர்கள் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்தியதும் பெரும்பாலும் மரம் ஊறிக் கனத்துப் போகாதிருக்கத்தான். அவர்களுக்கு முட்டுக்கட்டைத் தொல்லையே இல்லை!

வெள்ளம் வரக்கூடிய இடத்தில் படகை நிறுத்துவோருக்கு ஒரு வார்த்தை. 2014 டிசம்பரில் கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களை மூழ்கடித்த பெருவெள்ளத்தை எவரும் மறந்திருக்க முடியாது. தண்ணீர் ஏறினால் படகு மட்டும் மிதப்பதில்லை. அடியில் வைத்த லேசான மரக்கட்டைகளும் மிதந்து போய்விடும். வெள்ளம் வடியும்போது படகு இறங்குகிற இடத்தில் கட்டை இராது. வேலிக்கம்பமோ கல்லோ இருக்கும். மேட்டு நிலம் கிடைத்தால் அங்கே கொண்டு போங்கள். கிடைக்காவிட்டால் அடுக்குகளை முளையடித்துத் தரையோடு பிணையுங்கள். படகையும் நான்கு மூலைக்கும் நீளமான கயிறு விட்டு மரங்களில் கட்டுங்கள்.

நிறுத்தியாயிற்று என்று போய்விடாமல், முதல் வாரத்தில் இரண்டு தடவையும், பிறகு பெருமழை பெய்த ஒவ்வொரு நாளின் மறுநாளும் ஒரு சுற்று வந்து பார்ப்பது அவசியம். ஆப்பு தளர்ந்திருக்கிறதா, தளப்பலகை ஒரு பக்கம் அமிழ்ந்திருக்கிறதா, சங்கிலி தொய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கால் மணி நேரம் ஆகும். இந்தச் சோதனையை வெளியே நின்றுதான் செய்ய வேண்டும். முதலில் எட்ட நின்று படகு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே நெருங்குங்கள்.

பருவம் முடிந்து படகு தண்ணீருக்குத் திரும்பும் நாளில், மரப்படகானால் இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே உள்ளும் புறமும் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். இறக்கிய முதல் நாளில் கொஞ்சம் ஒழுகும். இறைப்பானை அருகில் வைத்துக்கொண்டு ஓரிரவு காவல் இருக்கத்தான் வேண்டும். உள்ளியந்திரம் உள்ள படகில், தண்ணீரில் சில நாள் கிடந்து உடம்பு பழைய நிலைக்கு வந்தபிறகே விசிறித் தண்டின் நேரைச் சரிபார்க்க வேண்டும். கரையில் பார்த்த நேர் தண்ணீரில் இராது. கழற்றி வைத்த வடிகால் அடைப்பை எங்கே வைத்தோம் என்று அன்றைக்குத் தேடுவது வழக்கம். கரையேற்றிய நாளிலேயே அதை ஒரு நூலில் கோத்து இயந்திரத்தின் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். சாவியை எடுக்கும்போது அடைப்பும் கையில் வரும்.